மைனி பேசிய மராத்தி

ஊரே அவரை மைனி என்றுதான் கூப்பிட்டது. எழுபதைத் தாண்டிய சபை மூப்பரும் மைனி என்பார், மூப்பரின் பேத்தியும் மைனி என்பாள். அண்ணன் மனைவியைக் கூப்பிடும் சொல் எப்படி ஒரு ஊருக்கே பொதுவானது என்று ஒருமுறை கேட்டேன். "பேருன்னு ஒண்ணு இருந்துச்சு தம்பி. கூப்பிட ஆளில்லாம துருப்பிடிச்சுப் போச்சு" என்று சிரித்தார். அந்தப் பெயரை நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

என் அப்பா லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்தவர். நான் புனேயிலேயே வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி. தொண்ணூற்றேழில் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை கிடைத்தது. தினமும் போய்வருவதற்குள் முதுகு விட்டுப்போனது. பக்கத்தில் 'மத்ராசி வஸ்தி' என்று ஒரு இடம் இருக்கிறது, உன் ஆட்கள்தான், அறை கிடைக்கும் என்று உடன் வேலை செய்தவன் சொன்னான்.

போய்ப் பார்த்தால் முப்பது வீடுகள், ஒரு தகரக்கூரை ஜெபவீடு, சுற்றிலும் கரும்பாறை. அவர்கள் வைத்த பெயர் சாலேம்புரம். அந்தப் பெயரை அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கடக்வாஸ்லா பக்கம் அணைக்கட்டு வேலைகளுக்கு வந்த குடும்பங்கள். கண்டோன்மென்ட்டில் போய்க்கொண்டிருந்த பெரிய சபையோடு ஆராதனை விஷயத்தில் மனஸ்தாபமாகி, மூப்பரின் பின்னால் இருபத்திரண்டு குடும்பங்கள் பிரிந்து வந்துவிட்டன. சனிக்கிழமை ஓய்வுநாள். நடுவீட்டில் சத்தமாக ஜெபித்தால் புனேயில் வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். அதனால் சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று தேடி இந்த மேட்டைப் பிடித்தார்கள். "ஏன் இந்தக் கல்லுக்காட்டைப் பிடிச்சீங்க?" என்று மூப்பரைக் கேட்டேன். "கல்லுக்கு எவனும் போட்டிக்கு வரமாட்டாம்லா" என்றார்.

பிள்ளைகள் வேதம் வாசிக்க வேண்டும் என்று நான்காம் வகுப்பு வரை தமிழில் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். மூப்பருக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் தெரிந்த மராத்தி சந்தையில் வெங்காயம் வாங்குவதோடு முடிந்துவிடும். இளையவர்களுக்கு நன்றாகவே வரும். ஆனால் அவர்கள் ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள், பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் மாட்டார்கள். அதனால் ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் மைனி ஒருவர்தான் இருந்தார். புனேயின் கட்கியில் பிறந்து, மராத்திப் பள்ளியில் பத்தாவது வரை படித்து, சாலேம்புரத்தில் ஒரு கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். கணுக்காலுக்கு மேலே ஏறிய பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஊரின் அத்தனை காகிதங்களும்.

அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். முதல் சில மாதங்கள் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு இருந்தது. ஒருநாள் தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போனேன். அன்றே அது ஆட்டம் கண்டது.

ஊரின் கிழக்குக் கோடியில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருந்தது. அது சொந்த நிலம்தான், ஆனால் சர்க்கார் பதிவில் வெறும் தரிசு. அதை அடக்க பூமியாகப் பதிந்து தரச் சொல்லி மூப்பர் வருஷக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று குமாஸ்தா கோப்பை எடுக்காமலே "அடுத்த மாதம் வாருங்கள்" என்றார். மூப்பருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"எத்தனை வருசமா அடுத்த மாசம்? நாங்க மனுசரா, நாயா? செத்தவனத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலையவா? கேளு மைனி, இவன்கிட்ட நல்லாக் கேளு!"

மைனி குமாஸ்தாவைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அழகான, மெதுவான மராத்தியில், "சாஹேப், எங்கள் பெரியவர் உங்கள் வேலைப்பளுவை நினைத்து வருத்தப்படுகிறார். உங்கள் மகளுக்குப் பரீட்சை என்றீர்களே, நன்றாக எழுதினாளா என்று கேட்கிறார். எங்கள் காகிதத்தை உங்களுக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது பார்த்தால் போதும்" என்றார்.

குமாஸ்தா முகம் மலர்ந்து மூப்பருக்குக் கைகூப்பினார். மூப்பர், தன் அடி சரியாக விழுந்துவிட்டது என்ற திருப்தியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்டேன்.

"மைனி, மூப்பர் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு."

"அவரு சொன்னதத்தான தம்பி சொன்னேன்."

"அவர் நாயான்னு கேட்டார். நீங்க பரீட்சை எப்படி எழுதினான்னு கேட்டீங்க."

"கொஞ்சம் தண்ணி விட்டேன். அம்புட்டுதான். கெட்டியாக் குடுத்தா அவருக்குச் செரிக்காது."

அதன்பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. எங்கே போனாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மின்சார வாரியத்துக்காரன் இவர்களை வசைபாடினால் தமிழில் அது "கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லுதாவ" என்று வந்தது. இவர்கள் திருப்பித் திட்டினால் மராத்தியில் அது நன்றியாகப் போனது. இந்த ஊர்க்காரர்கள் பரம திருப்தியாக இருக்கிறார்கள் என்று அலுவலகங்கள் நம்பின. தாங்கள் கர்ஜித்தும் கல் நெஞ்சங்கள் அசையவில்லை என்று ஊர் நம்பியது. நடுவில் இந்த அம்மாள் துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தார்.

என் தொழிற்சாலையில் வேலை செய்த சாலேம்புரத்துப் பையன் ஒருவனிடம் பொறுக்காமல் கேட்டேன். "தெரியும்ணே. எங்க செட்டு எல்லாருக்கும் தெரியும். யாரு போயி மூப்பர்ட்ட சொல்லுதது?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தான்.

ஆனால் அவருடைய மராத்தி பலித்த இடங்களையும் நான் பார்த்தேன். ஊரில் ஒரு கிழவர் இறந்தார். பதியாத நிலத்தில் புதைப்பதற்குப் பக்கத்து கிராமத்தின் போலீஸ் பாட்டீல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்பவர். மைனி போனார். நானும் போனேன். அரைமணி நேரம் எருமை ஈன்றதைப் பற்றியும் அந்த வருஷத்துக் கம்பு விளைச்சலைப் பற்றியும் பேசினார்கள். எழுந்து வந்துவிட்டார்.

"எப்ப மைனி கேட்டீங்க? அனுமதிங்கிற வார்த்தையே வரலியே."

"நான் ஒண்ணும் கேக்கல. எங்க வீட்டுல இன்னைக்கு ஒரு சாவுன்னேன். கடப்பாரை இருக்கா, குடுத்து விடட்டுமான்னு கேட்டாரு பாத்தீயளா? அவ்வளவுதான்."

சாயங்காலத்துக்குள் பாட்டீல் வீட்டுக் கடப்பாரையாலேயே குழி வெட்டி முடித்தார்கள். அந்தப் பாறையில் ஆறடி வெட்டுவது லேசில்லை. மைனியின் கணவர்தான் முன்னால் நின்று வெட்டினார். அந்த மனிதரிடம் நான் கேட்ட முழு வாக்கியங்கள் பத்துகூட இருக்காது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியிருந்த இடுப்பளவு மதில் முழுக்க அவர் கட்டியது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம், தோண்டியெடுத்த கல்லையே அடுக்கி, சிமெண்ட் இல்லாமல் கட்டினார். எட்டு வருஷம் ஆனதாம்.

இப்படி இரண்டொரு சம்பவம் பார்த்து என் கோபம் தணிய ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் மேலத்தெரு தையல்காரரின் கால் விஷயம் வந்தது.

அவருக்குச் சர்க்கரை. கட்டைவிரலில் புண். மைனிதான் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒரு மாதம் கழித்து நான் அந்த டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனபோது, "அந்தத் தையல்காரரைப் புனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா? ஒரு வாரத்துக்குள் போகாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று தெளிவாகச் சொன்னேனே" என்றார். ஓட்டமாகத் தையல்காரர் வீட்டுக்கு வந்தேன். அவர் திண்டு போட்டுச் சாய்ந்துகொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்னு மைனி சொன்னாங்க?"

"காலப் பத்திரமாப் பாத்துக்கிடணும், முடிஞ்சா புனேக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தா நல்லதுன்னாரு. தீவாளிக்கு நெறைய தையல் கெடக்கு, முடிச்சிட்டுப் போலாம்னு இருக்கேன்."

மறுநாளே கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மைனியிடம் கத்தினேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "ஒரு வாரம்னு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாரத்தை நீங்க முழுங்கிட்டீங்க. யார் குடுத்த அதிகாரம் இது?"

அவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலு போகும்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல தம்பி" என்றார்.

"உங்களைச் சொல்லச் சொல்லல. டாக்டர் சொன்னதைத்தான் சொல்லச் சொன்னது."

"சொல்லுதது என் வாயில்லா?"

தையல்காரர் மைனியை ஒரு சொல் சொல்லவில்லை. கடைசிவரை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. அன்றே மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன், இனி என் காதுபட இவர் ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டேன் என்று.

தொண்ணூற்றொன்பதில் கல்லறைத் தோட்டத்தின் ஊடாகச் சாலை ஒன்று வரப்போகிறது என்று அளவுக்கல் நட்டார்கள். ஊர் பதறியது. தாலுகா அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூப்பர், மைனி, மைனியின் கணவர், நான், இன்னும் நாலைந்து பேர் போனோம். புதிதாக வந்திருந்த அதிகாரி இளவயதுக்காரர். மேசையில் கோப்பு திறந்தே இருந்தது. "உங்கள் ஆட்சேபணை என்ன? தெளிவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். அத்தனை வருஷத்தில் அந்த ஊரை அப்படிக் கேட்ட முதல் அதிகாரி அவராகத்தான் இருக்க வேண்டும்.

மூப்பர் எழுந்து நின்றார். இந்த முறை கத்தவில்லை.

"அது தரிசு இல்லைய்யா. எங்க செத்தவங்க பதினேழு பேரு அங்க கெடக்காவ. எம் பொஞ்சாதி கெடக்கா. அங்க மண்வெட்டி போடணும்னா மொதல்ல என்னையப் போட்டு மூடிட்டுப் போடுங்க."

மைனி அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்து மராத்தியில் தொடங்கினார். "சாஹேப், அந்த இடத்தின்மேல் எங்கள் பெரியவருக்கு ரொம்பப் பிரியம். நீங்கள் பார்த்து நியாயமாக எது செய்தாலும் ..."

"அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றேன், மராத்தியில்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மைனி என் சட்டைக் கையைப் பிடித்தார். "தம்பி, வேண்டாம்" என்று தமிழில், உதடு அசையாமல். கையை உதறினேன். மூப்பர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மராத்தியில் சொன்னேன். பதினேழு என்ற எண்ணையும் சொன்னேன். நெஞ்சிலிருந்து இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். மரியாதையாகவே கேட்டார். "பதினேழு அடக்கங்கள். இவற்றுக்கு அனுமதி வாங்கினீர்களா?"

கேள்வியை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"மனு குடுத்துருக்கோம்லா" என்றார் மூப்பர்.

"மனுவைக் கேட்கவில்லை. அனுமதி?"

அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கெட்டவர் இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தார். பத்து நாளில் அறிவிப்பு வந்தது. சாலை வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை அந்த நிலத்தில் எந்த அடக்கமும் செய்யக்கூடாது. பாட்டீலுக்கும் ஒரு நகல் போயிருந்தது. இனி அவர் எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று மாதத்தில் மைனியின் கணவர் இறந்தார். ரஞ்சன்காவில் ஒரு கட்டட வேலையில் மதிய வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மைனி பாட்டீல் வீட்டுக்குப் போனார். பாட்டீல் அழுதுவிட்டாராம். ஆனால் கடப்பாரை கொடுத்து அனுப்பவில்லை. நான் தொழிற்சாலையில் சொல்லி ஒரு டெம்போ ஏற்பாடு செய்தேன். ஐம்பது கிலோமீட்டர் புனேக்குக் கொண்டுபோனோம். முதல் கல்லறைத் தோட்டத்தில் எந்தச் சபை என்று கேட்டார்கள். சாலேம்புரத்துச் சபை எந்தப் பதிவிலும் இல்லை. இரண்டாவது இடத்திலும் அதேதான். மூன்றாவது இடத்தில் மைனி தனியாக உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசினார். என்ன சொன்னார், எதை எப்படி மாற்றிச் சொன்னார், எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "ஒரு மூலையில குடுத்துருக்காவ" என்றார். எட்டு வருஷம் மதில் கட்டியவரை, ஒரு தகரக் கொட்டகைக்குப் பின்னால், பெயர் தெரியாதவர்கள் நடுவில் புதைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என்ன தப்புக்கு என்று மனதில் தெளிவாக வரவில்லை. நான் சொன்னது உண்மை. அதைச் சொல்லாமலிருந்தால் சாலை அந்தப் பதினேழு பேர் மேலும் போயிருக்கும். அவர் காபி கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க பொய் சொல்லல தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு அவர் துணிப்பையை மூப்பரிடம் கொடுத்துவிட்டார். "தம்பிக்கு நல்லா வருது. இனிமே அவரையே கூட்டிட்டுப் போங்க."

நான் போனேன். நாலு வருஷம் போனேன். அரை நாள் விடுப்பு எடுத்து, மூப்பரோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த இளம் அதிகாரி மாற்றலாகிப் போனார். பழைய குமாஸ்தா என் வாயிலிருந்து முதல் வாக்கியம் வரும்போதே எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். ஒருநாள் அவரே கேட்டார்: "அந்த அம்மா வரமாட்டார்களா? என் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லலாம் என்றிருந்தேன்." அந்த நாலு வருஷத்தில் ஊரில் இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். மூன்று பேரையும் டெம்போவில் கொண்டுபோனோம். ஒவ்வொரு முறையும் மைனி வந்தார், உள்ளே போய்ப் பேசினார், இடம் வாங்கிக்கொடுத்தார். என்னிடம் பேசவேண்டியதை மட்டும் பேசினார்.

இரண்டாயிரத்து மூன்றில், யாரும் எதிர்பார்க்காத ஒரு வெள்ளிக்கிழமை, தபாலில் ஆணை வந்தது. சாலேம்புரத்துக் கல்லறை நிலத்தை அடக்க பூமியாகப் பதிந்துவிட்டார்கள். சாலை வடக்கே தள்ளிப் போகும். அந்த இளம் அதிகாரி அன்று எழுதிவைத்த குறிப்புதான் ஆதாரம். பதினேழு அடக்கங்கள் ஏற்கனவே இருப்பதால் அது அடக்க பூமிதான் என்று முடிவெடுத்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு மைனியிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்று இருந்தது. போகவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஜெபவீட்டில் எல்லாரும் கூடினார்கள். மூப்பர் என்னை வாசிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஆணையை எடுத்துக்கொண்டு நேராகப் பெண்கள் பக்கம் போனார்.

"மைனி, இத நீதான் வாசிக்கணும். நம்ம சனங்க ஒன் வாயால கேக்கணும்."

மைனி மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து முன்னால் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மராத்தியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்தார். நிலத்தின் அளவு. எல்லை. பதிவு எண். பெண்கள் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்றார்கள். மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார்.

கடைசிப் பத்தி எனக்குத் தெரியும். முந்தின நாளே படித்திருந்தேன், மூப்பரிடம் அதைச் சொல்லவில்லை. மைனி அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தார்.

"இதுவரை அனுமதியில்லாம செஞ்ச சட்டவிரோத அடக்கங்கள, மனுதாரர்களோட அறியாமையக் கணக்குல எடுத்து, இந்த ஒரு தடவ மட்டும் மன்னிச்சு விடுதோம்."

ஸ்தோத்திரம் நின்றுவிட்டது. மூப்பர் துண்டைக் கையில் பிடித்தபடி, "அறியாமையா?" என்றார். "அப்படியா எழுதிருக்கான்? எத்தனை மனு ... அறியாமைன்னா எழுதிருக்கான்?" அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

மைனி காகிதத்தை மடித்தார். நாலு வருஷத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"ஏதாவது விட்டுட்டேனா தம்பி?"

"இல்ல மைனி" என்றேன். "ஒண்ணும் விடல."

தலையாட்டிவிட்டு, ஆணையை மூப்பரின் மடியில் வைத்துவிட்டு, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.